ஆர்லிஸ் டக்கெட்டின் புல்தரைப் பறவைகள்

ஆர்லிஸ் டக்கெட் வாழ்நாளில் எதிலும் ஜெயித்ததில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கேடயத்தில்கூடப் பேரைத் தப்பாக அடித்து ‘ஆலிஸ்’ என்று கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்த மனுஷன். ஹூஸ்டனுக்கு வெளியே அவர் குடியிருந்த தெருவில் மாதம் ஒரு வீட்டு வாசலில் ஒரு தகரப் பலகை நடுவார்கள். ‘இந்த மாதத்தின் சிறந்த புல்தரை’ என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். அந்தப் பலகை மேல் ஆர்லிஸுக்கு உயிர். பேரே எழுதாத பலகை, தப்பாக அடிக்க வழியே இல்லை பாருங்கள்.

இந்த அக்டோபரில் அதை வாங்கியே தீருவது என்று புல்லை ஊட்டி ஊட்டி வளர்த்தார். தினமும் சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் தண்ணீர். வாரம் தவறாமல் உரம். ஒரு நாள் காலையில் பார்த்தால் நட்டநடுவே சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்பாக ஒரு வட்டம்! மறுவாரம் அது கார் டயர் அளவுக்கு வளர்ந்து, பக்கத்தில் குட்டியும் போட்டிருந்தது.

“நாய்தான். எவன் வீட்டு நாயோ வந்து ஒண்ணுக்குப் போயிருக்கு!” என்று குதித்தார்.

“இவ்வளவு பெரிய வட்டத்துக்கு நாய் பத்தாது ஆர்லிஸ், யானைதான் வந்திருக்கணும்” என்றாள் மனைவி நெல்டா.

அவள் பேசாமல் இருக்கிற ஜாதி இல்லை. விவசாய அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டாள். “அது பூஞ்சையாம். ராத்திரி பூரா புல்லு ஈரமா கிடந்தா வருமாம். தண்ணிய விடிகாலைல விடணும், உரத்தை நிறுத்தணும், காஞ்சதை வாரிப் போடணும். அப்பவும் பரவினா மருந்து அடிக்கச் சொல்றாங்க. வசந்தத்துல தானா துளிர்த்துடுமாம்.”

“வசந்தமா! வர்ற சனிக்கிழமை வில்லோடீன் மேடம் பார்க்க வர்றாங்க, நெல்டா!”

வில்லோடீன் மேடம்தான் பலகை கொடுக்கிற குழுவின் தலைவி. ஆர்லிஸ் பயந்துபோய் இன்னொரு மூட்டை உரத்தைக் கொட்டினார். பச்சை வேண்டுமென்றால் சோறு போட வேண்டாமா என்பது அவர் கட்சி. வட்டங்கள் அதையும் சாப்பிட்டுவிட்டுப் பெருத்தன.

கடைசியில் கடைக்குப் போய் இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் ஃப்ளமிங்கோ பறவை பொம்மைகளை வண்டி நிறைய அள்ளிவந்தார். வட்டத்துக்கு ஒரு கூட்டமாக நெருக்கி நட்டார். பார்க்கிறவர் கண் பறவையோடு நின்றுவிடும், புல்லுக்கு இறங்காது என்று கணக்கு. தெருவிலிருந்து பார்த்தால் ஒரே ரோஸ் நிறக் காடு.

அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். அந்த வட்டாரத்து சர்ச் வாலிபர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. காணிக்கை சேர்க்க வேண்டுமென்றால் இதே மாதிரிப் பறவைகளை யார் வாசலிலாவது சொல்லாமல் கொள்ளாமல் நட்டுவிட்டுப் போவார்கள். காணிக்கை கொடுத்தால்தான் பறவை கிளம்பும். ஆர்லிஸும் அப்படி மாட்டிக்கொண்டார் என்றே தெரு முழுக்கப் பேச்சு.

சனிக்கிழமை காலை ஆர்லிஸ் சவரம் செய்து, டை கட்டிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் அந்த சர்ச்சின் பாஸ்டர் ட்ரூயட்டும் வாலிபர்களும் கடைசிப் பறவையை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“ஐயையோ! பாஸ்டர், என்ன பண்றீங்க?”

“மன்னிச்சிடுங்க பிரதர். நம்ம பசங்க எப்பவோ நட்டுட்டு மறந்தே போயிட்டாங்க போல. நீங்களும் பாவம், வாயத் திறக்கல. காணிக்கை ஒண்ணும் வேணாம்!”

அது என் பறவை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் ஏன் வாங்கினாய் என்று கேட்பார்களே! லாரி போய்விட்டது. அது திரும்பிய முனையிலேயே வில்லோடீன் மேடத்தின் கார் வந்தது. ஆர்லிஸ் ஓடிப்போய் ஒரு வட்டத்தின் மேல் காலை அகட்டி நின்றார். அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த நெல்டா, இரவு உடையோடு பாய்ந்து வந்து பெரிய வட்டத்தின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அந்த நேரத்தில் அவள் மேல் அவருக்குப் பொங்கிய பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

“ஏன் ரெண்டு பேரும் இப்படி இருக்கீங்க?”

“காத்து வாங்குறோம், மேடம்.”

“கொஞ்சம் தள்ளி வாங்குங்க.”

தள்ளினார்கள். மேடம் ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தார். “எங்க வீட்லயும் இதே கூத்துதான். வாசல்ல அவ்ளோ பெரிய பூசணிக்கா பொம்மைய ஏன் வச்சேன்னு நினைக்கிறீங்க? தெருவே இப்படித்தான் கிடக்கு. ஒரு வீடு மட்டும் தப்பிச்சிருக்கு.”

“யார் வீடு?” என்றார் ஆர்லிஸ்.

“முனை வீடு.”

“அது காலி வீடாச்சே மேடம்! ஆளே இல்லையே!”

“விக்கிறவங்க ஆள் விட்டுப் புல்லு வெட்டுறாங்க. தண்ணிக்கு மழைதான். உரமும் கிடையாது. புல்லு என்னமா இருக்குங்கிறீங்க! பலகை கார்ல இருக்கு, எனக்கு முதுகு வளையாது, கொஞ்சம் நட்டுக் கொடுங்களேன்.”

ஆர்லிஸ் டை கட்டிய கோலத்திலேயே போய், பலகையைக் கோணாமல் நட்டுவிட்டு வந்தார். நெல்டா இன்னும் புல்லிலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“காலி வீடுகூட என்னை ஜெயிச்சிடுச்சு, நெல்டா.”

“பின்ன? உன்னை மாதிரி பாசக்காரன் ஒருத்தன் அந்த வீட்ல இல்லையே” என்றாள் நெல்டா.