மழையில் காட்டிய வீடு

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஐப்பசி மாதம். தஞ்சாவூரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது; என் தொழில் மட்டும் காய்ந்து கிடந்தது. வீடு, மனை வாங்கவும் விற்கவும் ஏற்பாடு செய்து கொடுப்பவள் நான். சுருக்கமாகச் சொன்னால் புரோக்கர். பைபாஸ் பக்கம் வயல்களில் எழும்பிய புது வீடுகள் பெயின்ட் வாசனையோடு பூட்டிக் கிடந்தன. பார்க்க வருகிறவர்கள், "விலை இன்னும் இறங்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். டீக்கடையில் சக புரோக்கர்கள், "இந்தம்மா இனிமே வீட்டுல சமையலைப் பாக்கலாம்" என்று என் காதுபடவே பேசினார்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அப்போது என் கையில் மேல வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு இருந்தது. நடுவில் முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண்கள், பின்கட்டில் கிணறு. வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்ப்பவர். பிள்ளைகள் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டதால் விற்க வந்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் மனைக்கு மட்டுமே விலை சொன்னார்கள். வீடு இருப்பதையே குறையாகப் பேசி, இடிக்கிற செலவைக் கழிக்கச் சொன்னார்கள். காம்ப்ளெக்ஸ் கட்ட நினைத்த ஒருவர் அட்வான்ஸோடு காத்திருந்தார். வீட்டுக்காரருக்கு அந்த வாரத்தோடு லீவு முடிகிறது.

"குடியிருக்கற ஆளா பாத்துக் குடுங்கம்மா. கிடைக்கலன்னா அவருக்கே குடுத்துட்டுப் போயிடறேன், வேற வழியில்ல" என்றார் அவர், தேக்குத் தூணைத் தடவிக்கொண்டே. அந்த வீட்டில் கடப்பாரை விழக்கூடாது என்று எனக்கு வைராக்கியமே வந்துவிட்டது.

நம்பிக்கை தந்தது ஒரே ஒரு தம்பதிதான். இருவரும் நீடாமங்கலத்துக்காரர்கள். கணவருக்கு வங்கியில் வேலை, அந்தப் பெண் நர்ஸ். அவளுக்குப் பழைய வீடு பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அவருக்கோ நான் காட்டிய பைபாஸ் வீட்டின் மேல்தான் கண். "பழைய வீடு ஒழுகுங்க" என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிவு சொல்ல வேண்டிய நாளில் விடிந்ததிலிருந்தே அடைமழை. "மழை விட்டப்புறம் இன்னொரு நாள் பாக்கலாமாக்கா?" என்று அந்தப் பெண் போன் செய்தாள். பழைய வீட்டை மழையில் காட்டவே கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். ஆனால் நான் நெல் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். வயல் வாங்குவதென்றால் எங்கள் வீட்டில் அடைமழையில் போய்த்தான் பார்ப்பார்கள், தண்ணீர் வடிகிறதா நிற்கிறதா என்று. வீட்டை மட்டும் ஏன் வெயிலில் பார்க்க வேண்டும்? "இன்னிக்கே வாங்க. ரெண்டையும் மழையிலயே பாத்துடுவோம்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அந்த வீட்டுக் கூரையின் லட்சணம் எனக்கே தெரியாது.

முதலில் பைபாஸுக்குப் போனோம். அந்தப் புது மனைப்பிரிவின் நுழைவு வளைவோடு கார் நின்றுவிட்டது. பழைய வடிகால் வாய்க்காலைத் தூர்த்துத்தான் அங்கே தெருவே போட்டிருந்தார்கள் போல. புது வீட்டின் வாசற்படிகள் தண்ணீருக்குள் இருந்தன. "என்னங்க, வீடு வாங்கப் போறோமா, நடவு நடப் போறோமா?" என்று அவள் கேட்டாள். அவர் காரைப் பின்னால் எடுத்தார்.

மேல வீதியில் வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட, உள்ளே நுழைந்தோம். நாலு பக்க ஓட்டிலிருந்தும் முற்றத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டிய தண்ணீர் மூலையிலிருந்த கல் துவாரத்தில் சுழன்று இறங்கி, தரைக்கு அடியிலேயே தெருச் சாக்கடைக்கு ஓடியது. கூடத்தில் ஈரமே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்த நேரத்தில், சமையலறையில் சொட்டுச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் முகம் வெளுத்து, ஒரு குண்டானைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"ஓடு நகர்ந்திருக்குங்க. சரி பண்ணிடலாம். ஆனா ஒழுகுது, பாத்துக்குங்க" என்றேன்.

வங்கிக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு பேன்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கி, மடையில் தண்ணீர் பார்க்கிற மாதிரி அந்தத் துவாரத்தில் கையை வைத்தார். "அடேங்கப்பா, என்னா இழுப்பு இழுக்குது!" என்று நனைந்துகொண்டே சிரித்தார். அவரும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரரின் போன் அடித்தது. காம்ப்ளெக்ஸ்காரர். மழை விட்டதும் அட்வான்ஸோடு வருகிறாராம். வீட்டுக்காரர் போனைக் கையால் பொத்திக்கொண்டு முற்றத்தைப் பார்த்தார். முற்றத்தில் நின்றவர் மனைவியைப் பார்த்தார். அவள் எப்போதோ தலையாட்டத் தொடங்கியிருந்தாள். "நாங்க எடுத்துக்கறோங்க" என்றார் அவர்.

"வர வேணாங்க, வீடு வித்தாச்சு" என்று வீட்டுக்காரர் போனில் சொன்ன அழகு இருக்கிறதே! சின்னப் பிள்ளை மாதிரி நான் கைதட்டிவிட்டேன்.

அக்ரிமென்ட் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்காரர் விமானம் ஏறினார். ஓடு மாற்றி, பால் காய்ச்சி, அந்தத் தம்பதி குடிவந்துவிட்டார்கள். அந்த வீட்டைப் பார்த்தவர்கள் இப்போது, "அதே மாதிரி முற்றம் வச்ச வீடு இருக்கா?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். டீக்கடை ஆட்களும் பழைய வீட்டுச் சாவி ஏதாவது கிடைத்தால், "கொஞ்சம் பாத்துக் குடுங்கக்கா" என்று என் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார்கள்.

இன்றும் வானம் இருட்டினால் தெருவே மாடியில் காயும் துணியை எடுக்க ஓடும், நான் மட்டும் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்புவேன். ஒழுகுகிற இடத்தையும் சேர்த்துக் காட்டுகிறவளுக்கு மழை கூட்டாளிதான் என்று அந்த முற்றத்தில் நின்றுதானே தெரிந்துகொண்டேன்.