மூணு காப்பியும் ஓர் ஏரிக்கரை வீடும்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் ‘மூணு காப்பி’. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள், ஆள் ஒரே மூச்சில் மூன்று டம்ளர் காபி குடிப்பார் போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதைக்கு வாங்கி வந்து நீட்டுவார்கள். அவர் காபியைத் தொடவே மாட்டார். எது கையில் இருந்தாலும் அதற்கு மூன்று நகல் வைத்திருப்பார், அவ்வளவுதான் சங்கதி. வீட்டுச் சாவிக்கு மூன்று. கல்யாணச் சான்றிதழுக்கு மூன்று. எந்த நகல் எங்கே இருக்கிறது என்று எழுதிய தாளுக்கும் மூன்று. “எங்கம்மாவுக்கு மட்டும்தான் நகல் எடுக்கல. பயமா இருந்திருக்கும்” என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

முப்பத்தொரு வருடம் அவர் கட்டடங்களின் தொண்டைக்குள் தொங்கி வேலை பார்த்தவர். ஒவ்வொரு லிஃப்டிலும் ஒரு சோதனை அட்டை மாட்டியிருக்கும். கம்பி வடத்தைத் தானே தடவிப் பார்க்காமல் அந்த அட்டையில் கையெழுத்துப் போட மாட்டார். பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றின் சொந்தக்காரர் கெஞ்சியும் பிடிகொடுக்காமல் ஒன்பது நாள் லிஃப்டை நிறுத்தி வைத்தார். அந்த ஒன்பது நாளில் குடியிருந்த எல்லோருக்கும் இடுப்பு இளைத்து, பக்கத்துத் தையற்காரர் தூக்கமில்லாமல் பேன்ட் சுருக்கினார் என்பது அந்தத் தெருவில் இன்றைக்கும் உலவுகிற கதை. பாதியாவது உண்மை.

மனைவி தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிறவள். உறையின் மேல் உள்ள கையெழுத்தைப் பார்த்தே எழுதியவருக்குப் பல்வலியா வயிற்றுவலியா என்று சொல்லிவிடுவாள். பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் இருவரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருந்த சின்ன அறையில்தான் பொழுது போக்கினார்கள்.

பத்து வருடத்துக்கு முன்னால் இணையத்தில் யாரோ ஒரு கடை திறந்தார்கள். பழைய வீடியோ கேம்களை விற்கிற கடை. மற்றக் கடைகளில் ஆட்டத்தை வாங்கினாலும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரனிடம் அனுமதி கேட்டுத்தான் திறக்க முடியும். கடை மூடினால் ஆட்டமும் போச்சு. இந்தக் கடையில் பூட்டே கிடையாது. வாங்கினால் உன்னுடையது, நகல் எடுத்து அலமாரியில் வைத்துக்கொள் என்றார்கள். மெக்கானிக்கின் காதில் தேன் பாய்ந்தது. ஆட்டம் ஆட அவருக்குத் தெரியாது. ஆனால் நூற்றுப்பத்து ஆட்டம் வாங்கினார். ஒவ்வொன்றையும் மூன்று டிஸ்க்கில் எழுதி, ஒன்றை அலமாரியிலும் ஒன்றை அலுவலகப் பெட்டியிலும் ஒன்றைப் பல் டாக்டர் வீட்டிலும் வைத்தார். பல் டாக்டரும் அந்தக் கடையின் வாடிக்கையாளர்தான்.

“நாம ஆடினதையும் கடையே தன்கிட்ட சேர்த்து வெச்சுக்குதாம். அதுல போட்டு வைங்களேன்” என்று டாக்டர் ஒருமுறை சொன்னார்.

“அடுத்தவன் அலமாரியில என் சாமான் எதுக்கு?” என்று மெக்கானிக் கையை உதறிவிட்டார்.

ஆடியதெல்லாம் மனைவிதான். நூற்றுப்பத்தில் ஒன்றே ஒன்றை. ஊர் கட்டுகிற ஆட்டம். வெறும் நிலத்தில் ரோடு போட்டு, குழாய் இழுத்து, வீடு வைத்து, வீட்டுக்குப் பெயர் எழுதலாம். முப்பது வருடம் ஊரார் விலாசத்தைப் படித்தவளுக்கு அது போதாதா? தெரிந்தவர்களுக்கெல்லாம் அதில் வீடு கொடுத்தாள். புருஷனின் மேலதிகாரிக்குச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்தில். பல் டாக்டருக்கு மிட்டாய்த் தொழிற்சாலைக்கு எதிரில். அக்காவுக்கு மட்டும் ஏரிக்கரையில், ஊரிலேயே நல்ல இடம். பிறந்த வீட்டில் அவர்கள் இரண்டு பெண்கள்தான், ஒருத்தியை விட்டால் ஒருத்திக்கு ஆளில்லை என்று வளர்ந்தவர்கள்.

அந்த அக்காளோடுதான் சண்டை வந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்த அன்று, தங்கைக்குச் சொல்லும்படி பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு அக்கா காரியங்களில் மூழ்கிவிட்டாள். பக்கத்து வீட்டார் மறந்துபோனார்கள். வேறு யாரோ சொல்லித் தங்கை வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அக்கா அப்போதே அழுது மன்னிப்புக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கூசிப்போனவளுக்கு வாயில் வேறு வந்தது. “சொல்லியிருந்தா மட்டும் உடனே பறந்து வந்திருப்பியா?”

தங்கை அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்தாள். “இங்க வந்து பாருங்க” என்று புருஷனைக் கூப்பிட்டு, அவர் எட்டிப் பார்க்கும்போதே ஏரிக்கரை வீட்டை இடித்தாள். அவர் கண்ணில் பட்டது திரையில் எழுந்த புழுதி மட்டும்தான். “நல்லா இடிச்சே” என்று சிரித்துவிட்டுத் தன் மேஜைக்கு டிஸ்க் எழுதப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அக்காளும் தங்கையும் பேசவில்லை. தங்கைக்கு உடம்பு முடியாமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த கடைசி மாதங்களில் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு ஊரைக் கட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு சாயங்காலம் கூப்பிட்டாள்.

“கொஞ்சம் வாங்களேன். ஒண்ணு காட்டணும்.”

“இதோ, டிஸ்க் ஓடிட்டிருக்கு. முடிஞ்சதும் வர்றேன்.”

டிஸ்க் முடிய இருபது நிமிடம் ஆயிற்று. போய்ப் பார்த்தபோது தூங்கியிருந்தாள். திரையும் அணைந்திருந்தது. அடுத்த நாள் அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் போய்விட்டாள்.

வெறும் வீட்டில் கைக்கு வேலை வேண்டியிருந்தது. தொழிலாளர் சங்கத்தின் படிப்பகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார்கள். அவள் ஆடிய பழைய மெஷினைக் கொடுத்தார். வீட்டுச் சாமான் எதுவும் அதில் தங்கி அடுத்தவர் கையில் போகக் கூடாது என்று, கொடுப்பதற்கு முன் இரண்டு தடவை துடைத்து அழித்தார். எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். ஆட்டம்தான் மூன்று டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறதே.

எட்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். தபால் நிலையத்தில் கூட வேலை பார்த்தவள் யாரோ அவளிடம் ஊரைப் பற்றிச் சொல்லியிருந்தாள். வீடு கொடுத்ததையும் சொல்லியிருந்தாள், இடித்ததையும் சொல்லியிருந்தாள்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் வீட்டை அவ திரும்பக் கட்டினாளா?”

மெக்கானிக் யோசித்தார். “ஊர் அப்படியே இருக்கு அண்ணி. நீங்களே வந்து பாத்துக்கலாம்.”

“அவ இல்லாத வீட்டுக்கு வர எனக்கு மூஞ்சி இல்ல தம்பி.”

“அப்ப ஞாயித்துக்கிழமை பல் டாக்டர் கிளினிக்குக்கு வாங்க. கடைக்குப் பத்தாவது வருஷம். நாங்க கொண்டாடறோம். பெரிய திரையில பாக்கலாம்.”

அந்தக் கடையின் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு நாளன்று ஒன்றுகூடி, முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கிப் போடுவார்கள். பிறகு அவரவர் டிஸ்க்கிலிருந்து, தாம் வாங்கியதிலேயே பழைய ஆட்டத்தை ஓட்டிக் காட்டுவார்கள். யாரையும் கேட்காமல் ஓடுகிறது, இது நம்முடையது என்று கைதட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளினிக்கில் கேக் இருந்தது. பல் டாக்டர் கேக் வெட்டுவதைப் பார்த்து, வாடிக்கையாளர்களில் ஒருத்தியான பஸ் ஓட்டும் அம்மாள், “இங்கேயே சாப்பிட்டு இங்கேயே சொத்தையாகி இங்கேயே பிடுங்கிக்கலாம். நல்ல ஏற்பாடு டாக்டர்” என்றாள். அக்கா சுவரோர நாற்காலியில் கைப்பையை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். கேக்கைத் தொடவில்லை.

டாக்டர் கம்பியைப் பிடுங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். வழக்கமாகக் கடைவாய்ப் பற்களைக் காட்டும் திரையில் மெக்கானிக்கின் ஆட்டம் எழுந்தது. வாத்தியம் முழங்கியது. அவர் ‘பழைய ஊர்’ என்ற இடத்தில் அழுத்தினார். காலியாக இருந்தது.

மறுபடி அழுத்தினார். பிறகு இரண்டாவது டிஸ்க்கைப் போட்டார். காலி. டாக்டரின் அலமாரியிலிருந்து மூன்றாவதை எடுத்து வரச் சொன்னார். சட்டையில் துடைத்துப் போட்டார். அதே வாத்தியம், அதே காலி.

பஸ் ஓட்டும் அம்மாள்தான் மெதுவாகக் கேட்டாள். “அண்ணே, இதுல இருக்கிறது ஆட்டம் மட்டும்தான். அவங்க ஆடினது மெஷின்ல தனியா இருந்திருக்கும். அந்த மெஷின் எங்க?”

“துடைச்சுட்டேன்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ரெண்டு தடவை” என்றார்.

டாக்டர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். திரையில் ஆட்டம் தன்பாட்டுக்குப் புதிதாக ஒரு வெறும் நிலத்தைக் காட்டி, ஊருக்கு என்ன பெயர் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

“அவ என்ன பேரு வெச்சிருந்தா?” என்று அக்கா கேட்டாள்.

மெக்கானிக்குக்குத் தெரியவில்லை.

அக்கா எழுந்து பக்கத்தில் வந்தாள். “அது போகட்டும் தம்பி. ஊர் இல்லாட்டி என்ன, நீங்க பாத்திருப்பீங்கல்ல? ஒரே ரூம்லதானே இருந்தீங்க. ஏரிக்கரையில வீடு இருந்துச்சா? வாயால சொன்னா போதும்.”

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினால் தீர்ந்தது. முப்பத்தொரு வருடம் தடவிப் பார்க்காத வடத்துக்குக் கையெழுத்துப் போடாத கை, மடியில் கிடந்தது.

“இடிச்சதைப் பாத்தேன் அண்ணி. அப்புறம் ஒரு நாள் ஏதோ காட்டணும்னு கூப்பிட்டா. டிஸ்க் ஓடிட்டிருந்துச்சு. நான் போகல.”

“எதைக் காட்டக் கூப்பிட்டா?”

“தெரியாது.”

அக்கா திரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டினாள். “ஒரு பொய் சொல்லியிருக்கலாமே தம்பி. நான் நம்பியிருப்பேன்” என்றாள். அதில் கோபமில்லை. கேட்டது கிடைக்காமல் கடையிலிருந்து திரும்புகிறவளைப் போலப் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் மெக்கானிக் வேலைக்குப் போகவில்லை. சங்கப் படிப்பகத்துக்குப் போய் அந்த மெஷினைப் பார்த்தார். யாரோ அதில் விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடை விடாமல் பழுது பார்க்கிறவர்களிடம் விசாரித்தார். ஒரு தடவை அழித்திருந்தால் பார்க்கலாம், இரண்டாவதும் அழித்த புண்ணியவான் யார் என்று ஒருவன் கேட்டான். மத்தியானம் வீட்டுக்கு வந்து, நின்றபடியே போன் செய்தார்.

“அண்ணி, வீடு இருந்துச்சு. திரும்பக் கட்டியிருந்தா. நேத்து சொல்ல விட்டுப்போச்சு.”



“நேத்தே சொல்லியிருக்கணும் தம்பி” என்றாள் அக்கா. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “சரி, சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?”

அவர் அதற்குத் தயாராக இருக்கவில்லை. இருந்தது என்ற ஒரு சொல்லோடு பொய் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார். “ஏரியைப் பாத்த மாதிரி” என்றார். “அதே இடம்தான். முன்ன இருந்ததைவிடப் பெரிசு.”

“கதவு?”

“பச்சைக் கதவு.”

“பச்சையா?” என்று அக்கா அழுதாள். “எனக்குப் பச்சைதான் பிடிக்கும்னு அவளுக்குத் தெரியும்.”

ஆகாயத்திலிருந்து பார்க்கிற மாதிரி செய்த ஆட்டம் அது. கூரைகள் மட்டுமே தெரியும். எந்த வீட்டுக்கும் கதவு கிடையாது. அது அக்காவுக்கும் தெரியாது, பத்து வருடம் அதே அறையில் உட்கார்ந்திருந்த அவருக்கும் தெரியாது.