அக்கா கல்யாணமும் ஜெர்மன் கேமராவும்

அன்றைக்கு ஈப்போ கடையில் அந்தக் கேமராவைக் கையில் வாங்கியதுமே முடிவு செய்துவிட்டேன். இது எனக்குத்தான்!

இந்தக் குழுவில் எல்லாரும் முதல் கேமரா கதை போடுகிறீர்கள். என்னுடையதையும் கேட்டுவிடுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை. வீடு சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில்.

கேமரா ஜெர்மனியில் செய்தது. என்னைவிட வயதில் மூத்தது. கனமான உலோக உடம்பு, தோல் உறை, மூடி தொலைந்துபோன லென்ஸ்.

ரேஞ்ச்ஃபைண்டர் வகை. லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது; பார்ப்பதற்கு மேலே தனியாக ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதில் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ்!

சுங்காய் போகும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காதை இரண்டாக்கி, ஒன்றாக்கி, மறுபடி இரண்டாக்கிக்கொண்டே வந்தேன். (நல்லவேளை, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.)

வீட்டில் அப்பா ஒரு பார்வை பார்த்தார்.

"காசு குடுத்து யாராவது பழைய சாமான் வாங்குவாங்களாலா? புதுசா ஒன்னு எடுக்க வேண்டியதுதானே?"

"இந்த மாதிரி லென்ஸ் இப்ப யாரும் செய்யறதில்லப்பா!"

நம்பவில்லை. பக்கத்து வீட்டாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அக்காதான் கைகொடுத்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.

"ஸ்டூடியோக்காரனெல்லாம் வேணாம்பா. தம்பியே எடுக்கட்டும்."

கல்யாணப் படம் முழுக்க என் கேமராவில்! இதைவிட வேறென்ன வேண்டும்?

கல்யாணத்தன்று காலையில் அம்மா வந்தார். "குடுப்பா, சாமிகிட்ட வச்சுட்டுத் தாரேன். புதுச் சாமான சும்மா எடுத்துப் போகக்கூடாது."

எங்கள் வீட்டில் சைக்கிளுக்குப் பொட்டு உண்டு. தையல் மெஷினுக்கு உண்டு. ஆயுத பூஜையில் அப்பா ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக் கத்திக்கும் உண்டு. கேமராவும் தோல் உறை மேல் ஒரு சந்தனப் பொட்டோடு திரும்பி வந்தது. சிரித்துக்கொண்டே தோளில் மாட்டிக்கொண்டேன். உறைக்குள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். மாலை மாற்றியது, தாலி கட்டியது, அப்பா கண்ணைத் துடைத்தது, எல்லாவற்றையும் எடுத்தேன். ஜன்னலில் அத்தனையும் பளிச்சென்று தெரிந்தது!

அடுத்த வாரம், கழுவக் கொடுத்திருந்த படங்களை வாங்க ஈப்போ போனேன். கடைக்காரத் தவுக்கே படக்கட்டை நீட்டவில்லை. கேமராவைக் காட்டு என்றார். இந்தியர்களோடு பழகிப் பழகி நன்றாகவே தமிழ் பேசும் சீனர்.

உறையைத் திறந்து பார்த்தவர் கேட்டார்: "தம்பி, லென்ஸ்ல யாரு கறி சமைச்சா?"

லென்ஸின் நடுவே, கட்டைவிரல் அகலத்துக்கு, காய்ந்துபோன சந்தனம்!

உறைக்குப் பொட்டு வைத்த அம்மா, உள்ளே இருந்த கண்ணாடிக்கும் வைத்திருக்கிறார். அதுதானே கேமராவுக்கு முகம்?

படங்கள் எல்லாம் பால் ஊற்றினாற்போல் வெளுத்துக் கிடந்தன. எது மாப்பிள்ளை, எது வாழைமரம் என்று சொல்ல முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு என் எதிரே நின்ற அத்தனை பேரும் அந்தப் பொட்டைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. புதுச் சாமானில் பொட்டு இருந்தால் நம்மவர்களில் யார் ஏன் என்று கேட்பார்கள்?

பஸ்ஸில் வழி முழுக்க மனசுக்குள் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். 'ஏம்மா, கண்ணாடியில போய் யாராவது வைப்பாங்களா?' கேமராவின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும். அது ஒன்றுதான் அப்போது என் கவலை.

வீட்டில் அக்காவும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்திருந்தார்கள். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

"படம் வந்துருச்சா?"

ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"சாமிகிட்ட வச்சுத்தானே குடுத்தேன்? நான்தான் எதும் தப்பா செஞ்சிட்டேனோ?"

நான் வாயைத் திறந்தேன்.

அக்கா முந்திக்கொண்டாள். "கேமரா பழசும்மா. அது இப்படித்தான் எடுக்கும். இல்லடா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கல்யாணப் பெண் அவள். போனது அவள் படம்.

"ஆமாம்மா," என்றேன். "உள்ள ஏதோ கெட்டுப்போச்சு."

அப்பா விடுவாரா? "நான் அப்பவே சொன்னேன்லா!"

அம்மாவின் முகம் தெளிந்தது.

பிறகு கொல்லைப்பக்கம் அக்கா மெதுவாகச் சொன்னாள்: "மணவறையிலயே பார்த்துட்டேன்டா. பொட்டு நல்லதுதானேன்னு இருந்துட்டேன்."

சந்தனத்தை ஈரத்துணியால் பக்குவமாக எடுத்தேன். அதன்பின் பல வருஷம் அந்த லென்ஸில் எடுத்தேன். இலை நரம்புவரை தெரியும்! ஆனால் ஒரு படத்தையும் வீட்டில் காட்டியதில்லை. காட்டினால் அம்மா யோசிக்க ஆரம்பித்துவிடுவாரே!

கடைசிவரை வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "எம்மவன் பாவம், கெட்டுப்போன கேமராவ வாங்கி ஏமாந்துட்டான்."

நானும் ஆமாம் போட்டேன்.

அம்மா போய்ச் சில வருஷம் ஆகிறது. போன மாதம் அக்காவிடம் கேட்டேன்: "இனிமேயாச்சும் அது நல்ல கேமரான்னு சொல்லலாமா?"

"எதுக்கு? அம்மா சொன்னது அப்படியே இருக்கட்டும்லா."

சரி என்றேன். வீட்டில் சொல்லமாட்டேன்.

அக்கா ஃபேஸ்புக்கில் இல்லை.

அதனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன் மக்களே. அது அருமையான கேமரா!