கியர் மாற்றாத கதாநாயகி

போன வாரம் என் தொடர்கதைக்கு ஓர் அத்தியாயம் எழுதினேன். கதாநாயகி ஒரு கையால் ஜீப் ஓட்டுகிறாள். மறு கையால் பக்கத்து சீட் வில்லனை அறைகிறாள். எழுதி முடித்ததும் எனக்கே கொஞ்சம் வீரம் வந்த மாதிரி இருந்தது.

எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் என் மனைவி சுமதி. படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இவ எந்தக் கையால கியர் போட்டா?"

துணிச்சலான பெண் என்றால் கியர் தானாக விழும் என்று நினைத்துவிட்டேன் போல...

சுமதி சமீபத்தில்தான் கார் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். ஆனால் நாங்கள் குடியிருக்கும் திருநகரைத் தாண்டி ஓட்டியதில்லை. நான் விட்டதில்லை என்பதுதான் சரியான வாக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியில் அவள் அண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். கிளம்பும்போது சொல்லிவிட்டாள்.

"நான்தான் ஓட்டுவேன். சீர்த் தட்டை நீங்க மடியில வச்சுக்கங்க. இன்னைக்கு விட்டா சாவி எப்பவும் உங்க பாக்கெட்லதான்."

ஆக, தேங்காய், பழம், வேட்டி சேலையோடு தாம்பாளம் என் மடியில். பதறக்கூட இடமில்லை.

செக்கானூரணி தாண்டியதும் ரோட்டை மறித்து மாடுகள். வண்டி நின்றது. என்ஜினும் நின்றது. மாடுகள் போன பிறகு ஸ்டார்ட் செய்தாள் — குலுங்கி அணைந்தது. மறுபடியும் அப்படியே. பின்னால் ஒரு டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"அண்ணே, நீங்க மாறி உக்காருங்கண்ணே. அக்கா பாவம்."

சுமதியின் கண்ணில் தண்ணீர். நான் தாம்பாளத்தை லேசாகத் தூக்கினேன். இறங்கத் தயார் என்று அர்த்தம்.

"தட்டை ஒழுங்காப் பிடிங்க" என்றாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். சாவியைத் திருப்பினாள். வண்டி நகர்ந்தது. வழியில் ஒரு டிராக்டர்கூட எங்களை முந்தியது — ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

மச்சான் நேராக என் பக்கம் வந்து கதவைத் திறந்தார். "வாங்க மாப்ள, இம்புட்டு தூரம் ஓட்டிட்டு வந்தது அலுப்பா இருக்குமே..." அப்புறம்தான் என் மடியைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கை.

"ஏத்தா, நீயா ஓட்டியாந்த?"

"ஆமாண்ணே. இவரு தட்டைப் பத்திரமாக் கொண்டாந்தாரு."

யோசித்துப் பார்க்கிறேன். நம் தொடர்கதைகளில் துணிச்சலான பெண் ஏன் அழுவதே இல்லை? ஏன் அவளுக்குப் பயமில்லை, பசிகூட இல்லை? எழுதுவது என்னைப் போன்ற ஆசாமி. பழைய கதாநாயகனுக்கு மீசையை மழித்துச் சுடிதார் மாட்டிவிட்டு, புரட்சி செய்துவிட்டதாகக் காலரைத் தூக்கிக்கொள்கிறோம். பயந்துகொண்டே ஒரு காரியத்தைச் செய்து முடிக்கிறவளை எழுத எங்களுக்கு இன்னும் கை வரவில்லை.

அன்றே அத்தியாயத்தைத் திருத்தினேன். ஜீப் நடுரோட்டில் நிற்கிறது. கதாநாயகி அழுகிறாள். அனுப்பிய சற்று நேரத்தில் பத்திரிகையிலிருந்து உதவி ஆசிரியர் போன் செய்தார்.

"அண்ணே, ஹீரோயின் அழுதா கேரக்டர் வீக்காயிடாதா?"

"அடுத்த பாராவைப் படிங்க தம்பி. வண்டி போயிருக்கும்."

சுமதி இன்று தோழிகளை ஏற்றிக்கொண்டு சோழவந்தான் போயிருக்கிறாள். நான் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். கேட்டால் காரைத் தரமாட்டாளா என்ன? தருவாள்.

கேட்கத்தான் எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.