டி-5 என்று பெயர் மாற்றிய மஸ்டாங்

மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் பார், சமையலுக்கு ஆள் பிடி என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நாட்களில், என் கணவர் எசன் நகருக்குப் போய் ஒரு கார் வாங்கி வந்தார். அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த மஸ்டாங். நீண்ட மூக்கு, குட்டை வால், எட்டு சிலிண்டர், இரண்டே கதவு. ஜேர்மனியின் ஹம் நகரில் எங்கள் தெருவுக்குள் அது உறுமிக்கொண்டு நுழைந்தபோது மேல்வீட்டு ஜேர்மன்காரர் பால்கனிக்கு ஓடி வந்தார்.

“பிள்ளை சேர்ச்சுக்கு இதிலைதான் போகும்,” என்றார் இவர்.

“சீலையோடை அவள் இதுக்குள்ளை எப்பிடி ஏறுறது? நீங்களோ தூக்கி ஏத்தப்போறியள்?”

“ஓம், நான்தான் ஏத்துவன்.”

அகதி முகாமில் மற்றவர்கள் கட்டில் தலைமாட்டில் மாதா படம் ஒட்டியிருந்தபோது இந்தக் காரின் படத்தை ஒட்டியவர் இவர். நான் திட்டினேனே தவிர, அந்த முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிறே வுப்பர்டாலில் இருந்து மாப்பிள்ளையின் தகப்பன் வந்தார். கார்க் கதை தொடங்கினால் சோறு ஆறும்வரை பேசுகிற மனிதர். வண்டியை இரண்டு தரம் சுற்றி வந்தார். முன்னால் மஸ்டாங்கின் சின்னமான குதிரை ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பக்கவாட்டில், மஸ்டாங் என்று எழுதியிருக்கவேண்டிய இடத்தில், டி-5 என்று ஒரு சின்ன வில்லை.

“சம்பந்தி, உங்களை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள். குதிரை இருக்கு, பேரைக் காணேல்லை!”

இவர் சிரித்துச் சமாளித்தார். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டில் கையே வைக்கவில்லை. அடுத்த கிழமை தபாலில் பளபளவென்று எழுத்துகள் வந்து இறங்கின. டி-5 வில்லையை மறைத்து, மஸ்டாங் என்று ஒட்டினார். அதுவும் கோணல். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

“இல்லையப்பா, வாடகைக் கார் ஒண்டு எடுப்பம். சபைக்கு முன்னாலை வெக்கம்,” என்றார்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னுடைய மனுசனை நான் ஏசலாம், வேறு யார் ஏமாற்றவும் விடமாட்டேன். காரை விற்ற அம்மாவை நாலு கேள்வி கேட்பதென்று எசனுக்கு ரயில் ஏறினேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் நான். வயதான ஜேர்மன் பெண்களோடு மல்லுக்கட்டுவது எனக்குப் புதிதல்ல.

அந்த அம்மா என் கத்தல் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு பிளம் கேக்கை வெட்டி என் முன்னால் வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கார் அசல்தானாம். மஸ்டாங் கடல் கடந்து ஜேர்மனிக்கு வந்தபோது அந்தப் பெயர் இங்கே ஏற்கெனவே இருந்ததாம். அதே எசன் நகரில் ஒரு தொழிற்சாலை தன் லொறிக்கு அதை வைத்துப் பதிந்திருந்தது. பெயரை விற்கிறோம் என்று அவர்கள் கேட்ட விலைக்கு அமெரிக்காக்காரர் இணங்கவில்லை. அதனால் இங்கே விற்ற வண்டிகளில் எழுத்தைக் கழற்றிவிட்டு டி-5 என்று குத்தி அனுப்பினார்கள். இந்த வண்டியை முதலில் வாங்கியவன் இங்கே முகாமிட்டிருந்த ஒரு அமெரிக்கச் சிப்பாய். ஊருக்குத் திரும்பும்போது அவளுடைய கணவருக்கு விற்றுவிட்டுப் போயிருக்கிறான். “அந்த வில்லையைத் தேடி அலைகிறார்கள், நீங்கள் அதை மூடி ஒட்டினீர்களா!” என்று மறுபடியும் சிரித்தாள். எனக்கு இன்னொரு துண்டு கேக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் ஜன்னலால் எட்டிக் காரைப் பார்த்தார்.

“எனக்கும் இதைத்தானே செய்தவங்கள்,” என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் தொழிற்சாலையில் அதே பெயரில் இன்னொரு தமிழர் இருந்தார். இரண்டு பேர் ஒரே பெயரில் இருந்தால் குழப்பம் என்று மேற்பார்வையாளர் இவருக்கு ஒரு குட்டி ஜேர்மன் பெயர் வைத்துவிட்டார். மற்றவர் வேலையை விட்டுப் போய் எவ்வளவோ காலம். வைத்த பெயர் மட்டும் போகவில்லை.

ஒட்டிய எழுத்து லேசில் கழன்றால்தானே? கல்யாணக் காலையில், மகளின் தலை பாதி ஈரமாக இருக்க, சிகை அலங்காரம் செய்ய வந்த பிள்ளையின் கையிலிருந்து முடி காயவைக்கும் மெஷினை இவர் பறித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். சூடுகாட்டிச் சூடுகாட்டி எழுத்துகளை ஒவ்வொன்றாக உரித்தார்.

“அப்பா, எனக்குத் தலை காயேல்லை!” என்று மகள் ஜன்னலில் நின்று கத்தினாள்.

“பொறு பிள்ளை, பேர் கழருது!”

அரை மணித்தியாலம் பிந்தித்தான் சேர்ச்சுக்குப் போனோம். சொன்னபடி மகளைத் தூக்கித்தான் ஏற்றினார், தூக்கித்தான் இறக்கினார். சம்பந்தி நேரே காரின் பக்கவாட்டைப் பார்த்தார். மகள் கதையைச் சொன்னாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது சம்பந்தி அதே கதையை, தானே கண்டுபிடித்ததுபோல, பத்துப் பேரை நிறுத்திவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில்தான் வேடிக்கை. இவருடைய தொழிற்சாலைத் தோழர்கள், அந்தப் பழைய மேற்பார்வையாளர் உட்பட, வாசல் பலகையில் ஜேர்மன் எழுத்திலும் இருந்த பெண்ணின் தகப்பன் பெயரைப் படித்துவிட்டு, வேறு யாருடைய கல்யாணத்துக்கோ வந்துவிட்டோம் என்று திரும்பிப் போகப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற காரைக் கண்டுதான் உள்ளே வந்தார்கள். வேலையிடத்தில் அத்தனை பேருக்கும் அதன் படத்தைக் காட்டியிருந்தார் இவர்.

இவர் பலகையைக் காட்டி, “அது நான்தான்,” என்றார்.

மேற்பார்வையாளரின் காது சிவந்துவிட்டது. மனிதர் எங்கள் மேசையில் உட்கார்ந்து, எங்கள் மகனிடம் கேட்டுக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினார். முதல் தரம் பாதியில் நின்றார். இரண்டாம் தரம் நாக்கு சுளுக்கியது. பிறகு எழுந்து, மணமக்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்த இவரைப் பார்த்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார்.

ஜேர்மன்காரருக்கு ஜேர்மன் மொழியில் பதில் சொல்லவேண்டும் என்பதையே மறந்து, இவர் திரும்பிப் பார்த்து, “ஓம்!” என்றார்.