முருங்கைக்காய் என்றால் துலிக்குப் பாஸ்

போன ஞாயிற்றுக்கிழமை கல்கத்தா லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் டப், டப் என்று பந்து தட்டும் சத்தம். என் வயதையும் இடுப்பையும் மறந்து முழங்கால் தானாக மடங்கிவிட்டது. காய்கறிக்காரர் பதறிப்போய், "என்ன மாஷிமா, எதாவது விழுந்துடுச்சா?" என்றார். மானம்தான் விழுந்தது, வேறொன்றுமில்லை.

திரும்பினால் அப்பளக் கடை வாசலில் ஒரு கல்லூரிப் பெண். கையில் கூடைப்பந்து. "பந்தப் பையில போடுடீ, அப்பளம் நொறுங்கிடும்" என்று அம்மா தமிழில் திட்ட, மகள் வங்காளியில் வாயாடுகிறாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடலாமா? அது என்ன கேள்வி என்று சொல்ல ஜாதவ்பூர் வரை போக வேண்டும். வாருங்கள், ஆட்டோவில் இடம் இருக்கிறது.

நான் கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, ஜாதவ்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் படிக்க வந்தவள். குள்ளம். ஆனால் பந்து என் கையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கூடைப்பந்து டீமில் என்னைப் பாயிண்ட் கார்டு ஆக்கினார்கள். பந்தைக் கொண்டு வர வேண்டியதும், யார் எங்கே ஓட வேண்டும் என்று கத்த வேண்டியதும் அந்த ஆள்தான். முதல் வேலை வந்தது. இரண்டாவது வரவே இல்லை.

காரணம் என் வங்காளி. பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கற்ற வங்காளி அது, எல்லோரும் 'நீங்கள்'தான். ஆட்டத்தின் நடுவே மூச்சு வாங்க, "துலி, நீங்கள் தயவுசெய்து சற்று இந்தப் பக்கம் வருகிறீர்களா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் பந்து எதிரியின் கைக்குப் போய்விடும். துலி எங்கள் டீமிலேயே உயரமானவள். சிரித்துச் சிரித்தே இரண்டு அடி குறைந்துவிடுவாள்.

எங்கள் கோச் மௌஷுமி தி, அதாவது மௌஷுமி அக்கா, எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். கிடர்பூரில் சுங்க அலுவலகத்தில் வேலை. முழங்கால் போன பழைய பாயிண்ட் கார்டு. சாயங்காலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, புடவையை இடுப்பில் செருகி, கடுகெண்ணெய் விட்டுக் கலந்த ஒரு பொட்டலம் மசாலாப் பொரியைக் கொறித்தபடி எங்களை வறுத்தெடுப்பாள். இன்றைக்கும் கடுகெண்ணெய் வாசனை வந்தால் யாரோ என்னைத் திட்டப் போகிறார்கள் என்று தோன்றும்.

"உனக்குத் திட்டறதுக்கு எந்த பாஷை வரும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தமிழ், தி."

"அப்ப அதுலயே கத்து. அவங்க கத்துப்பாங்க."

அடடா, அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமே! முருங்கைக்காய் என்றால் துலிக்கு உயரப் பாஸ். பூசணிக்காய் என்றால் ஒருத்தி எதிரியின் வழியை மறித்து அசையாமல் நிற்க வேண்டும். கறிவேப்பிலை என்றால் பந்தை வாங்கப் போவதுபோல் ஓடுவதோடு சரி, யாரும் தர மாட்டார்கள். சோற்றில் அதன் கதி தெரியுமல்லவா? நாலு வங்காளிப் பெண்கள் "முருங்கோகாய்! பூஷோணிகாய்!" என்று கூவிக்கொண்டு ஓடுவார்கள். எதிர் டீம் பேந்தப் பேந்த விழிக்கும். எனக்கு வந்ததே ஒரு குரல்! ஹவுரா ஸ்டேஷன் போர்ட்டர்கூடத் திரும்பிப் பார்ப்பார். ஜெயித்து ஜெயித்து ஃபைனலுக்கே வந்துவிட்டோம்.

ஃபைனலில் பிடித்தது சனி. நான் முருங்கைக்காய் என்றேன், எதிர் டீம் பாயிண்ட் கார்டு துலி முன்னால் நிற்கிறாள். பூசணிக்காய் என்றேன், சுற்றிக்கொண்டு போகிறாள். மூன்றாம் தடவை பந்தைப் பிடுங்கிக்கொண்டு என் காதருகே சொன்னாள்: "ஏட்டி, காயெல்லாம் எங்க கடையிலதான் வாங்குதியோ?"

செத்தேன்! லேக் மார்க்கெட் காய்கறிக்கடைக்காரர் மகள், செல்வி. ஊரே வங்காளி என்று நினைத்துக்கொண்டு காய்கறியைக் கூவியிருக்கிறோம் பாருங்கள், அதுவும் காய்கறிக் கடைக்காரியின் எதிரில்!

என் வாய் பூட்டிக்கொண்டது. தமிழில் கத்தினால் அவளுக்குப் புரியும், வங்காளியில் கத்தினால் ஊரே சிரிக்கும். ஆட்டம் முடிகிற நேரம், நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். மௌஷுமி தி டைம் அவுட் கேட்டாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நீ என்ன பேசறேன்னு எனக்குக் கவலையில்ல. பேசாத பாயிண்ட் கார்டு எனக்கு வேண்டாம். இப்பவும் ஊமையா நின்னேன்னா நாளைலேர்ந்து வேற ஆளு."

எனக்கு அழுகை வந்தது. அந்த டீமில் கிடைத்த குரல் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை.

பந்தைத் தட்டிக்கொண்டு போனேன். எதிரே செல்வி, கையை விரித்துக்கொண்டு. ஏதாவது பேச வேண்டும். என்ன பேசுவது? வெளியூரில் ஒரு தமிழரைக் கண்டால் நம் வாயில் முதலில் என்ன வருமோ அதுதான் வந்தது.

"நீங்க எந்த ஊரு?"

செல்வியின் கை இறங்கியது. "அப்பாவுக்குத் தென்காசிப் பக்கம்," என்றாள். "அம்மாவுக்கு அம்பாசமுத்திரம். ஆனா நான் பொறந்தது இங்கதான், அப்ப ஊருன்னா..."

அவள் யோசித்து முடிக்கவில்லை. நான் அவளைத் தாண்டிப் போய், "முருங்கைக்காய்!" என்று அலறினேன். துலி எம்பிப் போட்டாள். விசில்! ஒரு பாயிண்டில் ஜெயித்துவிட்டோம்.

மௌஷுமி தி முழங்காலை மறந்து குதித்தாள். "அது என்ன ப்ளே?"

"ஊரு கேட்டேன், தி."

விஷயம் புரிந்ததும் சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரமே டீம் முழுக்க "நீங்கோ எந்தோ ஊரு?" என்று பயிற்சி. அடுத்த மேட்ச்சில் எதிரே ஆடிய பஞ்சாபிப் பெண்ணிடம்கூடக் கேட்டார்கள். அவளும் திகைத்து நின்றாள் என்பது வேறு விஷயம்.

செல்வி ஃபைனல் முடிந்த அன்றைக்கே மூக்கு சிவக்க வந்து என் சட்டையைப் பிடித்தாள். "என்கிட்ட கேட்டியே, ஒனக்கு எந்த ஊருட்டி?" நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கும்பகோணமா? கரக்பூரா? திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. "இப்பத் தெரியுதா?" என்றாள். அன்றிலிருந்து நாங்கள் இணைபிரியாத தோழிகள்.

அந்தக் கோர்ட்டில் இப்போது கார்கள் நிற்கின்றன. செல்வியின் கடையில் மொபைல் உறை விற்கிறார்கள். அவள் கல்யாணமாகிச் சென்னை போனாள். அங்கே அவளைக் கல்கத்தாக்காரி என்கிறார்களாம்.

சரி, அப்பளக் கடைக்கு வருவோம். அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "நீங்க எந்த ஊரு?"

அம்மா பையைக் கீழே வைத்தாள். "எங்களுக்கு வந்து, மாமனார் வழில பாத்தா கரூர், ஆனா எங்கப்பா..." என்று ஆரம்பித்தாள். எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மகள் பந்து தட்டுவதை நிறுத்தவேயில்லை. "கல்கத்தா, ஆன்ட்டி," என்றாள்.

பந்து அவள் கையிலேயே இருந்தது.