ஆகாயத்தில் வைத்த நேர்த்தி

மதராசிலிருந்து கொழும்புக்கு வரும் விமானம் எங்கள் ஊருக்கு மேலாலேயே போகும். புத்தளத்து உப்பளம், களப்பு, பிறகு எங்கள் உடப்புக் கடற்கரை எல்லாம் ஜன்னலில் தெரியும். இறங்கத்தான் விடமாட்டார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, ஆமிக்காரனுக்கு அடையாள அட்டையைக் காட்டிக்காட்டி, வந்த வழியே பஸ்ஸில் திரும்பி வர வேண்டும். சண்டைக் காலத்தில் அந்தப் பஸ் பயணத்துக்குத்தான் நான் பயந்தேன். விமானத்துக்குப் பயந்ததே இல்லை.

அந்த முறை மதராசில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு நானும் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்களுக்கே கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இறங்கும் நேரத்தில் காற்று விமானத்தைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது. தரையில் உருளும் சில்லுகள் வெளியே வந்துவிட்டன. தென்னைகளில் குரும்பைகூடத் தெரிந்தது. திடீரென்று இயந்திரம் அலற, விமானம் மூக்கை நிமிர்த்திக்கொண்டு மறுபடி மேலே ஏறியது. பயத்தில் முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"யா அல்லாஹ், புலியள் ஏர்போட்டுக்கு அடிச்சிட்டானுவள் போல" என்றார் பின்னாலிருந்த கற்பிட்டி நானா ஒருவர். மெல்லத்தான் சொன்னார். ஆனால் தமிழில் சொல்லிவிட்டாரே! முன்வரிசைச் சிங்கள முகங்கள் திரும்பி எங்களைப் பார்த்தன. அதே விமானத்தில் அவர்களோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும் எங்கள்மேலும் சந்தேகம். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் நியாயம் கேட்க முடியாது.

என் மனைவி யாரையும் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தாயே, நல்லபடியா இறக்கிவிடு. இவரைத் தீ மிதிக்க வைக்கிறன்" என்று சத்தமாகவே நேர்ந்தாள்.

இவரையாம்! வருஷா வருஷம் அம்மன் கோயில் தீக்குழிக்குப் பக்கத்தில் கச்சான் கொறித்தபடி, மிதிப்பவர்களை நக்கலடித்துக்கொண்டு நிற்பவன் நான். ஆடித் திருவிழாவில் என் வாய்க்குத் தப்பிய கால் கிடையாது. நான் குழியில் இறங்கினால் ஊர் சும்மா விடுமா?

சற்று நேரத்தில் விமானி பேசினார். காற்றில் வேகமும் உயரமும் சரியாக அமையவில்லை, அதனால் இறங்காமல் மேலே எடுத்துவிட்டோம், சுற்றிவந்து மறுபடி இறங்குவோம், இது வழமைதான் என்றார். நிறுத்த வேண்டிய ஹோல்ட்டைத் தவறவிட்ட பஸ் சாரதிகூட இவ்வளவு நிதானமாகப் பேசமாட்டான். இரண்டாம் தடவை பூப்போல இறக்கினார்.

பஸ்ஸில் சிலாபம் வரும்வரை நான் விடவில்லை.

"வழமைதான் எண்டு அந்தாளே சொன்னது. ஆபத்தில்லாத நேரத்தில வைச்ச நேர்த்தி செல்லாது."

"அதை அம்மனிட்டச் சொல்லுங்கோ."

"நேர்ந்தது நீ, மிதிக்கிறது நானோ? நீயே மிதியன்."

"இந்த வருஷம் எனக்கு ஏலாது."

"ஏன் ஏலாது?"

"வயித்துப் பிள்ளையோட நெருப்பில இறங்கச் சொல்றீங்களோ?"

கலியாண வீட்டில்கூட இவள் மூச்சு விடவில்லை. ஊரில் இருக்கும் தன் தாயிடம் முதலில் சொல்ல வேண்டுமென்று வைத்திருந்தாளாம். விமானம் மேலே ஏறியபோது வந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. உண்மையான பயம் சிலாபம் பஸ் நிலையத்தில், மீன் வாடைக்கு நடுவில் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுகையும் வந்தது.

"நெருப்பு கனக்கச் சுடுமோ?" என்று கேட்டேன்.

"நம்பிக்கை இருந்தாச் சுடாதாம்."

"இல்லாட்டி?"

"சுடும்" என்றாள். "எண்டாலும் மிதியுங்கோ."